யாராவது பேசுறீங்களா?

அண்ணா வணக்கம்,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம், எங்கள் குழுவில் பாதிப் பேர் உங்களைப் படிப்பவர்கள். 2020 ஊரடங்கின்போது கல்லூரியில் கூடப் படித்த பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் வாசிப்புக் குழு ஆரம்பித்தோம். மாதம் ஒரு புத்தகம், இரண்டாவது ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கூகுள் மீட். முதல் வருடம் நடுராத்திரி வரைக்கும் சண்டை ஓடும். இப்போது குழுவில் 143 பேர். போன மாதம் கூட்டத்துக்கு வந்தது ஆறு பேர், அதில் ஒருவர் கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றுகொண்டிருந்தார். நான் மட்டும் ஐம்பது நிமிடம் பேசினேன். வாக்கெடுப்பு வைத்தேன், பரிசு அறிவித்தேன், தினமும் காலையில் ஒரு மேற்கோள் போடுகிறேன். போன வாரம் 'புத்தகம் தவிர வேறு எதையும் இங்கே போடாதீர்கள்' என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதற்குப் பிறகு யாருமே எதையுமே போடவில்லை. மூடிவிடலாமா அண்ணா?

அன்புள்ள தங்கைக்கு,

கடைசி வரிக்கு முந்தின வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் இதே கண்டிப்பைப் போட்டுக் கெட்டவன்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஆறு பேர் கணக்கு. இணையப் பயன்பாட்டை ஆராய்பவரான யாகோப் நீல்சன் 2006-இல் ஒரு உத்தேசக் கணக்கு சொன்னார். இணையத்தில் கூடும் பெரும்பாலான பெரிய கூட்டங்களில் நூற்றில் 90 பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், 9 பேர் எப்போதாவது வாய் திறப்பார்கள், 1 ஆள் ஓயாமல் பேசுவார் என்று. உங்கள் 143-க்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட 129 பேர் சும்மா இருப்பார்கள், 13 பேர் எப்போதாவது, மிச்சம் ஒன்றரை ஆள். அந்த ஒன்றரை ஆள் நீங்கள்தான். ஆகவே யாரும் உங்களை ஏமாற்றவில்லை. பன்னிரண்டு பேராக இருந்தபோது எல்லோரும் நண்பர்கள், இந்தக் கணக்கு அங்கே செல்லாது. 143 ஆனதும் செல்ல ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, இதைத் தெரிந்துகொண்டதால் குழு பேசிவிடுமா என்றால் பேசாது. எனக்கு இது புரிந்தது எந்த ஆய்வையும் படித்து இல்லை, ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு டீக்கடையில். நான் நடத்திய குழுவில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் ஒருவர் இருந்தார். எட்டு மாதம் ஒரு கூட்டம் விடாமல் வந்தார். கேமரா அணைந்திருக்கும், மைக் அணைந்திருக்கும், முடிந்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். படிக்காமல் வருகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் அந்த டீக்கடையில் எதிரே வந்து நின்றார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, டீ ஆறி ஏடு கட்டும் வரைக்கும், போன மாத நாவலில் அந்த அம்மா ராத்திரியில் கதவைத் திறந்திருக்கவே கூடாது என்று ஒரு கால் மணி நேரம் வாதாடினார். எந்தப் பக்கத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று வருகிறது என்பது வரைக்கும் சொன்னார். எனக்கு அது ஞாபகமே இல்லை! ஏன் சார் இதைக் கூட்டத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க இன்னா கேட்டீங்க? யாராவது பேசுறீங்களானு கேட்டீங்க. யாராவதுனா நான் இல்லியே சார்" என்றார்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்க் குழுவில் நான் போட்ட செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். 'நண்பர்கள் கருத்துச் சொல்லலாம்.' 'யாரேனும் தொடங்கலாம்.' 'விருப்பமுள்ளவர்கள் கை உயர்த்தவும்.' எட்டு மாதத்தில் ஒரே ஒரு ஆளைக்கூட நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை. பேசாத மனிதர்களைக் குறை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன், கேட்கவே இல்லை.

வியாசர்பாடியிலோ புதுவண்ணாரப்பேட்டையிலோ ஏதாவது ஒரு கேரம் கிளப்பில் சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் எட்டிப் பாருங்கள், நீங்கள் அந்தப் பக்கத்துப் பெண், பார்த்திருப்பீர்கள். போர்டுக்கு மேலே ஒரு பல்பு தொங்கும், உட்கார்ந்திருப்பது நாலு பேர், சுற்றி நிற்பது பத்துப் பன்னிரண்டு பேர். நிற்கிறவனைப் பார்த்து நீ ஏன் ஆடுவதில்லை, உனக்கு ஆர்வம் இல்லையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நிற்பதும் ஆட்டம்தான். எந்தக் காயை எந்தக் கட்டில் அடிக்க வேண்டும் என்று அவன் மனசுக்குள் அடித்துக்கொண்டுதான் இருப்பான், சிவப்பு விழுந்து, அதற்குப் பின்னால் விழ வேண்டிய ஃபாலோ காய் விழாமல் போனால் ஆடியவனைவிட அவனுக்குத்தான் வயிறு எரியும். ஆனால் நாலில் ஒருத்தன் வீட்டிலிருந்து போன் வந்து எழுந்துவிட்டான் என்றால், மிச்சம் மூணு பேரும் 'விருப்பமுள்ளவர்கள் அமரலாம்' என்று அறிவிக்க மாட்டார்கள். நிற்கிறவர்களில் ஒருத்தனை மோவாயால் காட்டி, "டேய், உக்காரு" என்பார்கள். அவன் பவுடரைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவான். உலகப் பட்டம் வென்ற இளவழகியும் காசிமாவும் இந்த மாதிரித் தெருக்களிலிருந்து வந்தவர்கள்தானே.

உங்கள் குழுவில் போர்டு இல்லை, 143 பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒரு போர்டைப் போடுங்கள். மாதம் நாலு பேர். முதல் வாரமே தனித்தனியாகப் போன் பண்ணுங்கள், மெசேஜ் வேண்டாம், மெசேஜுக்குக் கட்டைவிரலைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். போனில் 'நாவலைப் பற்றிப் பேசுங்கள்' என்று கேட்டால் பயந்துபோவார்கள். 'பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அந்த அப்பா வீட்டை விற்றது சரியா தப்பா, அதை மட்டும் ரெண்டு நிமிஷம் சொல்லுங்க' என்று கேளுங்கள், அதற்கு முடியாது என்று சொல்கிறவர் குறைவு. கூட்டத்தில் அந்த நாலு பேர் பேசட்டும், மற்றவர்கள் நிற்கட்டும். அடுத்த மாதம் வேறு நாலு பேர். நீங்கள் அந்த நாலில் இருக்கக் கூடாது, இது முக்கியம். ஐம்பது நிமிடம் பேசினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இலவச மீட்டில் மூன்று பேர் சேர்ந்தாலே 60 நிமிடத்தில் துண்டித்துவிடுவான். மிச்சம் இருந்த பத்து நிமிடத்தில் வணக்கமும் நன்றியும் போக, ரயிலில் நின்றவர் வாய் திறக்க எங்கே இடம்?

பரிசு, வாக்கெடுப்பு, காலை மேற்கோள் மூன்றையும் நிறுத்திவிடுங்கள். காலை மேற்கோளை யாரும் படிப்பதில்லை, நான் உட்பட.

இன்னொன்று, புத்தகம். எந்த வாசிப்புக் குழுவிலும் தலைப்பு அறிவித்த அஞ்சாவது நிமிடம் ஒரு கேள்வி வரும், 'பிடிஎஃப் கிடைக்குமா?' எனக்கு அதைக் கண்டாலே ரத்தம் கொதிக்கும், எழுதிப் பிழைக்கிறவன் இல்லையா. ஆனால் கொதிப்பு அடங்கிய பிறகு யோசித்தால், 500 ரூபாய் நாவலை மாதாமாதம் வாங்கு என்று சொல்லி நடத்தும் குழுவில், வாங்க முடியாதவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஒதுங்கத்தான் செய்வார், அதை வெளியே சொல்லவும் மாட்டார். எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. அது கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். தலைப்பை முடிவு பண்ணும் முன்னால் உங்கள் ஏரியா கிளை நூலகத்தில் ஒரு பிரதியாவது இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். குழுவில் பாதிப் பேர் சென்னைக்குள்தான் இருப்பார்கள், இரண்டு பிரதி வாங்கினால் கைமாறிக் கைமாறி ஓடும். அப்புறம், மூணு மாதத்துக்கு ஒரு தடவை நாவலை விட்டுவிட்டு ஒரு சிறுகதை எடுங்கள். கூட்டத்தின் முதல் கால் மணியில் ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்கட்டும். படிக்காமல் வந்தவர் என்று அன்றைக்கு யாருமே இருக்க மாட்டார்கள். அந்தக் காலப் படிப்பகங்களில் ஒருத்தர் பேப்பரை உரக்கப் படிக்க மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டது இதே வேலைதான்.

இப்போது அந்தக் கண்டிப்புக்கு வருகிறேன். 'புத்தகம் தவிர வேறு எதுவும் கூடாது.' நான் இதைப் போட்ட மறுவாரம், மகளுக்கு ஸ்கூல் அட்மிஷன் கிடைக்காத கதையை எழுத ஆரம்பித்த ஒருவர் பாதியில் அழித்துவிட்டுப் போனார், திரும்பி வரவே இல்லை. பெரம்பூர்ப் பக்கம் பின்னி மில் தொழிலாளர்கள் பஜனை கேட்கவும் சொற்பொழிவு கேட்கவும் கூடிய ஒரு சபையில்தான் மில்லில் படும் பாட்டையும் பேச ஆரம்பித்தார்கள். 1918-இல் அந்தப் பேச்சிலிருந்துதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் வந்தது. 'இங்கே பஜனை மட்டும்' என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் குழுவில் புரட்சி வெடிக்கும் என்று சொல்லவில்லை. பல் ஆஸ்பத்திரி விளம்பரத்தை அழியுங்கள், மனுஷன் பேசுவதை விடுங்கள். அந்த அறிவிப்பை இன்றைக்கே எடுத்துவிட்டு, 'கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்' என்று ஒரு வரி போடுங்கள். பாருங்கள், அதற்கே நாலு பேர் பதில் போடுவார்கள்.

மூடிவிடலாமா என்றுதான் கேட்டீர்கள். மூடுங்கள், ஆனால் தேதி போட்டு மூடுங்கள். இன்னும் பத்து நாளில் காசிமேட்டில் தடைக்காலம் ஆரம்பிக்கிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் துறைமுகத்துப் பக்கம் போனால், படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றிக்கொண்டிருப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், நிழலில் உட்கார்ந்து கால் விரலில் வலையை மாட்டி இழுத்துக் கிழிசல் தைப்பார்கள். வருமானம் இல்லாமல் வீட்டில் கஷ்டம்தான், அதை அழகுபடுத்திச் சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் தொழில் முடிந்துவிட்டது என்று அங்கே யாரும் பேசுவதில்லை. நீங்களும் அதே மாதிரி இரண்டு மாதம் விடுங்கள். 'ஏப்ரல், மே கூட்டம் கிடையாது, ஜூன் மூன்றாவது ஞாயிறு சந்திப்போம்' என்று ஒரே ஒரு செய்தி. ஜூன் இரண்டாவது ஞாயிறு எப்படியும் தடைக்காலத்துக்குள்தான் விழும். நடுவில் ஒன்றும் போடாதீர்கள், கை துறுதுறுக்கும், போடாதீர்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒரு நோட்டில் 143 பெயரையும் எழுதி, யார் எதைப் படித்தார்கள், எந்தப் புத்தகத்துக்கு வாயைத் திறந்தார்கள் என்று ஞாபகம் வருவதைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். நாற்பது பெயருக்கு ஒன்றுமே எழுத வராது. அவர்களிலிருந்து முதல் நாலு பேரை எடுங்கள். கும்மிடிப்பூண்டி ரயில்காரரை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவர் எப்படியும் வருவார்.

ஜூன் கூட்டம் எப்படிப் போனது என்று எழுதுங்கள். அதற்குள் வஞ்சிரம் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்