எரிமலைக்கு எதற்கு ஸ்வெட்டர்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் கயாம்பே, கோட்டோபாக்சி, சிம்போராசோ என்று மூன்று எரிமலைகளில் கைடோடு ஏறப் போன கதையை எழுதியிருந்தேன். இரண்டில் உச்சியைத் தொட்டேன், மூன்றாவதில் பாதியில் திரும்பினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன (குவிந்தன என்றால் ஐம்பதுக்குள்தான், எனக்கு அதுவே அதிகம்). ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

எரிமலை என்கிறீர்கள், படத்தில் பார்த்தால் ஒரே பனிக்கட்டி. எங்கள் வீட்டு ஆறாம் வகுப்புக்காரி கேட்கச் சொன்னாள். – கும்பகோணம்

போவதற்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். எரிமலையின் சூடு அடி ஆழத்தில் இருக்கிறது, வெளித்தோலுக்கு அது வந்து சேர்வதில்லை. காற்றோ மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி வீதம் குளிர்ந்துகொண்டே போகும். கடற்கரையில் வியர்த்துக் கொட்டினாலும் ஐயாயிரம் மீட்டருக்கு மேல் உறைபனிதான். கயாம்பேயின் (5,790 மீட்டர்) தெற்குச் சரிவு வழியாகவே பூமத்திய ரேகை போகிறது. பள்ளிப் பாடத்தில் சுட்டெரிக்கும் என்று படித்த அதே ரேகை பக்கத்தில் ஓட, நான் இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடுங்கினேன். கோட்டோபாக்சியின் வாய்க்கருகே கந்தக நெடி, தீக்குச்சி கிழித்த மாதிரி மூக்கில் ஏறும். எரிமலை மேல்தான் நிற்கிறோம் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்.

சிம்போராசோ எவரெஸ்ட்டை விட உயரம் என்று இருந்ததே, அச்சுப்பிழையா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

அச்சகத்தார் மேல் தப்பில்லை சார், நான் அரைகுறையாக எழுதியதுதான் வினை. கடல்மட்டத்திலிருந்து அளந்தால் சிம்போராசோ 6,263 மீட்டர், எவரெஸ்ட் 8,849. பேச்சே இல்லை. ஆனால் பூமி சரியான உருண்டையாக இல்லாமல் இடுப்பில் கொஞ்சம் பெருத்திருக்கிறது: பூமத்திய ரேகையில் அதன் ஆரம், துருவத்தில் இருப்பதைவிடச் சுமார் 21 கிலோமீட்டர் கூடுதல். சிம்போராசோ அந்த இடுப்பு மடிப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, எவரெஸ்ட் வடக்கே 28 டிகிரி தள்ளி இருக்கிறது. அதனால் பூமியின் மையத்திலிருந்து அளந்தால் சிம்போராசோ உச்சி ஏறக்குறைய 6,384 கிலோமீட்டர், எவரெஸ்ட் 6,382. இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தில் இவர் ஜெயிக்கிறார்.

வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏழாவது மலை வரை போகிறேன், மாரத்தானும் ஓடுகிறேன். எனக்கு இது சுலபம்தானே? – பொள்ளாச்சி

தம்பி, காலுக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் அங்கே தோற்பது கால் கிடையாது. தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீங்கள் போய் முதல் ராத்திரி படுக்கிற தலைநகர் கீட்டோவே 2,850 மீட்டரில் இருக்கிறது. ஹோட்டல் மாடிப்படி ஏறும்போதே மூச்சு இரைக்கும். கோட்டோபாக்சி உச்சிக்குப் பக்கத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிக்குக் கிட்டே வந்துவிடும். ஆக்ஸிஜன் விகிதம் அதே 21 சதவீதம்தான், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வருகிற அளவுதான் பாதி. இதற்கு உடம்பு பழகச் சில நாட்கள் வேண்டும், அந்த நாட்களை எந்த மாரத்தானும் குறைத்துத் தராது. இன்னும் சொன்னால் நல்ல தெம்பு உள்ளவர்கள்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அவர்களால் வேகமாக ஏற முடிகிறது.

1880-ல் சிம்போராசோவை முதன்முதலில் ஏறிய ஆங்கிலேயர் எட்வர்ட் விம்பருக்கே இது நடந்தது. அவரும் கூட வந்த காரெல் குடும்பத்து இத்தாலிய கைடுகள் இருவரும் ஐயாயிரம் மீட்டர் முகாமில் தலைவலியும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டார்கள். மொழிபெயர்க்கக் கூட்டிப்போன, ஊதினால் பறந்துவிடுவார் போன்ற பெர்ரிங் என்பவர் மட்டும் ஒன்றும் ஆகாமல் நடமாடிக்கொண்டிருந்தார்.

ஆகவே அட்டவணையைப் பாருங்கள். எங்களை முதலில் கீட்டோவில் இரண்டு ராத்திரி படுக்க வைத்தார்கள், அப்புறம் கேபிள் காரில் நாலாயிரம் மீட்டர் வரை போய் அங்கிருந்து ருக்கு பிச்சின்சா (4,696), அடுத்து இலினிசா நோர்ட்டே (5,126), ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து கீழே தூக்கம். அதற்கு அப்புறம்தான் கயாம்பே, நடுவில் பாப்பல்யாக்தா வெந்நீர் ஊற்றில் ஒரு நாள் ஊறல், பிறகு கோட்டோபாக்சி (5,897), கடைசியில் சிம்போராசோ. ஏழே நாளில் மூன்று சிகரம் என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டயமாக்ஸ் மாத்திரை போட்டால் போதாதா? – சென்னை

உயரத்தில் வரும் மலைநோயைத் தடுக்கப் போடுகிற மாத்திரை அது. உதவும், டாக்டரைக் கேட்டுப் போடுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அவசியம் சொல்லிவிடுங்கள். அதைப் போட்டால் விரல் நுனி மரத்துப்போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், ராத்திரி நாலு முறை எழுந்திருக்க வேண்டும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குடித்தவன் போல நடை தள்ளாடினாலோ, மாத்திரையை நம்பி அங்கேயே இருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும்.

கைடு எதற்கு? தடம்தான் தெரிகிறதே, அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாமே. – ஈரோடு

முதல் விஷயம், அங்கே பனிமலைகளில் அங்கீகாரம் பெற்ற கைடு இல்லாமல் போக விடுவதில்லை. விட்டாலும் நான் போகமாட்டேன். தடம் என்பது நேற்றைய தடம். பனியாறு நகர்ந்துகொண்டே இருக்கும், நேற்று மிதித்த பனிப்பாலத்தின் அடியில் இன்று பிளவு வாய் திறந்திருக்கலாம். 2021 அக்டோபரில் சிம்போராசோவில் பனிச்சரிவில் சிக்கிச் சிலர் இறந்தார்கள்.

ஆனால் வழி காட்டுவதற்கு மட்டும் நாம் காசு கொடுப்பதில்லை. 'போதும், திரும்பு' என்று சொல்கிற உரிமையைத்தான் அவரிடம் காசு கொடுத்து ஒப்படைக்கிறோம். சிம்போராசோவில் எனக்கு நடந்ததைப் போன இதழில் ஒரே வரியில் தாண்டிவிட்டேன், கொஞ்சம் வெட்கம். சுமார் 5,800 மீட்டரில், காலை மூன்று மணி இருக்கும், கைடு என் இடுப்புக் கொக்கியைக் காட்டி அதைத் திறந்து மூடச் சொன்னார். பயிற்சி நாளில் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் என் முகத்தில் விளக்கடித்துப் பார்த்தார், அப்புறம் 'பாஹாமோஸ்' என்றார். இறங்குவோம் என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்தது, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று வாதாடினேன், அதுவும் தமிழில்.

கஷ்டம் என்னவென்றால் ஒரே கயிற்றில் கைடு, நான், ஒரு கனடாக்காரர் என்று மூன்று பேர். ஒருவன் இறங்கினால் எல்லோரும் இறங்க வேண்டும். கனடாக்காரர் இரும்பு மாதிரி இருந்தார், அன்றைக்கு அவர் உச்சியைத் தொட்டிருப்பார். என்னால் அவருடைய சிகரம் போனது. ரியோபாம்பா ஊர் வரும்வரை வண்டியில் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள் காலைச் சாப்பாட்டில் அவர் பங்குப் பாலாடைக்கட்டியை எடுத்து என் தட்டில் வைத்தார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பசி இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அதனால் ஈரோட்டுக்காரரே, பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி: 'உச்சி ஏறும் ராத்திரியில் ஒரு கைடுக்கு எத்தனை பேர்?' இரண்டுக்கு மேல் சொன்னால் வேறு இடம் பாருங்கள். கையில் காசிருந்தால் ஒருவருக்கு ஒரு கைடு வையுங்கள், மிச்சம் பிடிப்பதை விமான டிக்கெட்டில் பிடியுங்கள்.

விம்பர் பெயர் வந்ததால் இன்னொன்று. 1865-ல் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் விம்பரும் ஜான் அந்துவான் காரெலும் போட்டியாளர்கள், விம்பர் முந்திக்கொண்டார், காரெல் மூன்று நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தார். பதினைந்து வருஷம் கழித்துச் சிம்போராசோவுக்குத் துணை தேடியபோது விம்பர் அழைத்தது அதே காரெலைத்தான். அந்த மலையில் இப்போது இரண்டு தங்குகுடில்கள் இருக்கின்றன. சுமார் 5,000 மீட்டரில் உள்ளதற்கு விம்பர் பெயர், அதற்குக் கீழே உள்ளதற்குக் காரெல் பெயர். கைடு கீழே, துரை மேலே! எந்த ஊராக இருந்தால் என்ன.

ஏன் நடுராத்திரியில் ஏறுகிறீர்கள்? – விருதுநகர்

வெள்ளியங்கிரிக்கு ராத்திரி ஏறுவது வெயிலுக்குப் பயந்து. இங்கேயும் வெயிலுக்குப் பயந்துதான், ஆனால் நம் தலைக்காக இல்லை, பனிக்காக. ராத்திரியில் பனி கெட்டியாக உறைந்திருக்கும், பூட்ஸில் மாட்டிய கிராம்பான் முட்கள் சரக் சரக்கென்று பிடிக்கும். சூரியன் வந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் அது களியாகிவிடும், பனி பிடித்துவைத்திருந்த கல்லெல்லாம் கழன்று உருள ஆரம்பிக்கும். அதனால் பத்து, பதினொரு மணிக்குக் கிளம்பி விடியும்போது உச்சி, வெயில் ஏறும்முன் இறக்கம். பகலில் தூங்கு என்பார்கள், யாருக்கும் தூக்கம் வராது, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்போம்.

ஏறிக்கொண்டிருக்கும்போது வெடித்துவிட்டால்? – இரண்டு பேர், இருவருமே பெற்றோர்

எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். சிம்போராசோ நெடுங்காலமாக அமைதியாக இருக்கிறது. கோட்டோபாக்சி அப்படியில்லை. 1877-ல் வெடித்தபோது உச்சிப் பனி உருகிச் சேற்று வெள்ளமாக இறங்கி லட்டகுங்கா ஊரை அழித்துப் பசிபிக் கடல் வரை போனது. இங்கே பயப்பட வேண்டியது நெருப்பைவிட இந்தச் சேற்றுக்குத்தான். 2015 ஆகஸ்டில் மறுபடி விழித்ததும் ஏறுவதை நிறுத்தி 2017 அக்டோபரில்தான் திறந்தார்கள், 2022 கடைசியில் சாம்பல் கக்கியபோதும் உச்சியை மூடினார்கள். கீட்டோவில் உள்ள புவி இயற்பியல் நிறுவனம் இரவும் பகலும் இந்த மலையைக் கண்காணிக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டியது மூடிவிட்டால் என்ன செய்வார்கள் என்பதற்குத்தான். பதிலுக்கு எந்த மலை, பணம் திரும்புமா என்று முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 54, பெண். முடியுமா? – கோவை

முடியும் அம்மா. எங்கள் குழுவில் கயாம்பே உச்சியை முதலில் தொட்ட கயிற்றில் இருந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. மெதுவாக நடந்தார், எங்கேயும் நிற்கவில்லை. நாங்கள் வேகமாக நடந்து, நின்று, இருமி, மறுபடி வேகமாக நடந்தோம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? – மயிலாப்பூர்

உருளைக்கிழங்கின் தாய்வீட்டுக்குப் போகிறீர்கள், பட்டினி கிடக்க மாட்டீர்கள். லோக்ரோ என்று கெட்டியான உருளைக்கிழங்கு சூப், உள்ளே பாலாடைக்கட்டி, மேலே வெண்ணெய்ப்பழத் துண்டு. நான் அதைத் தினம் இரண்டு வேளை குடித்தேன். யாபிங்காச்சோ என்று உருளைக்கிழங்கு அடை, வறுத்த சோளம், கினோவா. சூப் கோழிச்சாற்றில் செய்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய் எடுத்துப் போங்கள், மேலே போனால் நாக்குக்கு எதுவும் பிடிக்காது.

ரியோபாம்பா சந்தையில் பழச்சாறு குடிக்கும்போது ஒன்று சொன்னார்கள். சிம்போராசோவின் பனிக்கட்டியை வெட்டி, காய்ந்த புல்லில் சுற்றி, கழுதை மேல் ஏற்றி இந்தச் சந்தைக்குக் கொண்டுவருகிற தொழிலே இருந்ததாம். அதில் கடைசி ஆள் என்று பேர் வாங்கிய பல்தசார் உஷ்கா 2024-ல் காலமானார். ஃபிரிட்ஜ் வந்த அப்புறமும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறார். நாங்கள் வாடகைக் கிராம்பானும் விலையுயர்ந்த ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு போன மலைக்கு, அவர் கோடாரியும் கழுதையுமாக வாரா வாரம் போயிருக்கிறார்.

விசா, பணம், ஊசி பற்றி ஒன்றுமே எழுதவில்லையே. – சேலம்

பணம் சுலபம், 2000-லிருந்து அங்கே அமெரிக்க டாலர்தான். சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள். விசாவுக்குத் தூதரகத்திலேயே கேளுங்கள், ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஊசிதான் முக்கியம்: ஈக்வடாரிலிருந்து திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமைப்படுத்துவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். இன்னொன்று, தலைவலிக்கு நல்லது என்று அங்கே கோகா இலை டீ கொடுப்பார்கள், அந்த இலையைப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். இங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும்.

கயிற்றில் கட்டியிருக்கும்போது அவசரமாக வந்தால் என்ன செய்வீர்கள்? – பெயர் வேண்டாம்

மற்ற இரண்டு பேரும் திரும்பி நின்றுகொள்வார்கள். கயிற்றை அவிழ்க்க மாட்டார்கள்.

கோட்டோபாக்சி உச்சிப் படத்தில் எல்லோரும் முகத்தை மூடியிருக்கிறார்கள். நீங்கள் யார்? – தஞ்சாவூர்

இடமிருந்து இரண்டாவது, ஆரஞ்சு ஜாக்கெட். என் அம்மாவும் கனடாக்காரரைத்தான் காட்டினார்கள்.