அபராதம் யார் பையிலிருந்து போகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூயார்க் நீதிபதி ஜெட் ராக்கஃப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2011இல் சிட்டிகுரூப் வங்கி அரசுத் தரப்போடு சமரசமாகி 28.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தும் அந்தச் சமரசத்துக்கு அவர் ஏன் ஒப்புதல் தர மறுத்தார்? பணம் வந்தால் போதாதா? பெரிய அதிகாரிகளைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்கிறவர், கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் ரகசியத்தைக் கசியவிட்ட அதன் இயக்குநர் ரஜத் குப்தாவுக்கு 2 ஆண்டு சிறைதானே கொடுத்தார்?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

கட்டப்படும் பணம் யாருடையது என்று பாருங்கள். 2009இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா வழக்கு அவரிடம் வந்தது. மெரில் லிஞ்ச் என்ற முதலீட்டு நிறுவனத்தை வாங்கும்போது, அதன் ஊழியர்களுக்கு 580 கோடி டாலர் வரை போனஸ் தர அனுமதித்திருந்ததை வங்கி தன் பங்குதாரர்களிடம் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் எஸ்இசி, 3.3 கோடி டாலர் அபராதத்தோடு முடித்துக்கொள்ள வந்தது. வங்கி கட்டும் பணம் பங்குதாரர்களின் பணம். ஏமாந்தவர்களே, ஏமாந்ததற்கு அபராதமும் கட்ட வேண்டும். மறைத்த அதிகாரிகளுக்கு ஒரு டாலர் செலவில்லை. ராக்கஃப் திருப்பி அனுப்பிவிட்டார். மறு ஆண்டு 15 கோடியாக ஏறி வந்தபோதும் மனமில்லாமல்தான் ஒப்புக்கொண்டார்.

சிட்டிகுரூப் விஷயம் 2007இல் விற்ற சுமார் 100 கோடி டாலர் வீட்டுக்கடன் முதலீட்டுத் தொகுப்பு. எதையெல்லாம் அதில் சேர்ப்பது என்பதில் வங்கிக்கும் கை இருந்தது. அவற்றின் மதிப்பு விழும் என்று அதே வங்கி பந்தயமும் கட்டியிருந்தது. இரண்டையும் வாங்கியவர்களிடம் சொல்லவில்லை என்றது எஸ்இசி. வங்கிக்கு லாபம் 16 கோடி, வாங்கியவர்களுக்கு நஷ்டம் 70 கோடிக்கு மேல். நீங்கள் சொல்லும் 28.5 கோடியைப் பிரித்தால், 16 கோடி அந்த லாபம், 3 கோடி வட்டி. அபராதம் மிச்சமுள்ள 9.5 கோடிதான். அதுவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும். ஆகவே நஷ்டப்பட்டவர் தனியாக வழக்குப் போட்டால், இந்தச் சமரசத்தைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. என்ன நடந்தது என்றே நிறுவப்படாதபோது தொகை நியாயமானது என்று எதை வைத்துச் சொல்வது என்பதுதான் ராக்கஃப்பின் கேள்வி. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் உத்தரவை ரத்து செய்தது. உண்மையை நிறுவுவது விசாரணையின் வேலை, சமரசத்தின் வேலையல்ல என்றது. சட்டப்படி அதில் வலு இருக்கிறது. ஆனாலும் ராக்கஃப்பின் கேள்வி தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

குப்தா வழக்கில், தண்டனை வழிகாட்டி அட்டவணைப்படி 78 முதல் 97 மாதம் வந்திருக்கும். அந்த அட்டவணையில் பணத்தொகை ஏற ஏற மாதங்களும் ஏறும். குப்தா சொன்ன ரகசியத்தால் லாபம் பார்த்தது ராஜ் ராஜரத்தினத்தின் நிதி நிறுவனம். ஒருவருடைய குற்றத்தை இன்னொருவரின் லாபத்தால் அளப்பதை ராக்கஃப் ஏற்கவில்லை. 24 மாதமும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார். குறைவு என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் ஜூரி முன் சாட்சியங்கள் வைக்கப்பட்டு, பெயருள்ள ஒரு மனிதர்மேல் குற்றம் நிரூபணமானது. ராக்கஃப் கேட்பது அதைத்தான்.

சிறைக்கு அனுப்ப எஸ்இசிக்கு அதிகாரமில்லை. அரசு வழக்கறிஞர்கள்தான் குற்றவழக்குப் போட வேண்டும். பழைய முறையில் கீழ்மட்ட ஊழியரைப் பிடித்து, அவரைச் சாட்சியாக்கி, படிப்படியாக மேலே ஏறுவார்கள். அதற்கு ஆண்டுக்கணக்காகும். இப்போதோ நிறுவனமே வக்கீல் வைத்துத் தன்னை விசாரித்து அறிக்கை தருகிறது, அபராதம் கட்டுகிறது, வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. 'மேலதிகாரிக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்க முடியாது' என்ற சமாதானத்தை ராக்கஃப் 2014 ஜனவரியில் எழுதிய கட்டுரையில் மறுத்தார். வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வதும் அமெரிக்கச் சட்டத்தில் தெரிந்து செய்ததற்குச் சமம்.

அதே சிட்டிகுரூப் விவகாரத்தில் எஸ்இசி தனியாக வழக்குப் போட்டது நடுமட்ட ஊழியர் ஒருவர்மேல். 2012இல் ராக்கஃப் முன்னிலையிலேயே ஜூரி அவரை விடுவித்தது. கூடவே, இந்தத் தீர்ப்பைக் காரணம் காட்டி நிதித்துறையை விசாரிப்பதை எஸ்இசி நிறுத்திவிடக் கூடாது என்று ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தது.