காரின் முன் கதவு ஸ்பீக்கர் மாற்றியதும் பேஸ் குறைந்தது பற்றி

வணக்கம் நண்பரே. கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு முன் கதவுகளில் புது 6.5 இன்ச் ஜோடி போட்டதும் பேஸ் (தாழ்ந்த ஒலி) குறைந்துவிட்டது என்கிறீர்கள். ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். முதலில் பேலன்ஸை (இடது, வலது ஸ்பீக்கர் ஒலியைப் பங்கிடும் செட்டிங்) முழுக்க ஒரு பக்கம் தள்ளிக் கேளுங்கள். நடுவில் வைத்ததைவிட ஒரு பக்கம் தள்ளும்போது பேஸ் கூடினால், ஏதோ ஒரு கதவில் ஸ்பீக்கர் ஒயரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்புப் பகுதி) முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும்.

உறுதி செய்ய, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே எழும்பும். ஒயர் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்; நானும் அப்படி நம்பி ஏமாந்திருக்கிறேன்.

அது சரியாக இருந்தால், ஸ்பீக்கரைக் கதவில் பொருத்தும் அடாப்டர் வளையத்தைக் கவனியுங்கள். கதவுத் தகட்டுக்கும் அதற்கும் நடுவே விரல் நகம் நுழையும் இடைவெளி இருந்தாலே பேஸ் கசியும். சுற்றிலும் ஃபோம் டேப் ஒட்டி இறுக்குங்கள். உள்தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகளையும் டேம்பிங் ஷீட்டால் (அதிர்வைக் குறைக்கும் ஒட்டுத் தாள்) மூடினால் நல்லது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் தயவுசெய்து அடைக்காதீர்கள், துருப்பிடித்துவிடும்.