பளபளப்பு எங்கே போயிற்று?

கேள்வி: உங்கள் பாறையேற்ற இதழை முதல் இதழிலிருந்து சேர்த்து வைத்திருப்பவன் நான். புதிய வடிவம் வந்ததிலிருந்து கையில் எடுக்கவே மனம் வரவில்லை. பளபள தாள் போய் நோட்டுத்தாள் வந்துவிட்டது. வண்ணப் படத்தின் மேல் சிவப்புக் கோடு ஓடிய அழகான வழிப்படங்கள் போய், பள்ளிக்கூடப் பையன் வரைந்த மாதிரி கோட்டுப்படம். முதுகு ஒட்டிய கட்டு போய்ப் பின் அடித்த கட்டு. அலமாரியில் நிற்க மாட்டேன் என்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி மேட்டரைக் குறைத்துவிட்டீர்கள். தமிழ் இதழில், வழி எவ்வளவு கடினம் என்று சொல்லும் கிரேடு மட்டும் ஏன் ஆங்கில எழுத்தில்? வாசகர்களைக் கேட்டுத்தான் மாற்றினீர்களா?
– அஸ்தம்பட்டி வாசகர், சேலம்

(ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு வாசகர்களும் இதே கோபத்தில் எழுதியிருப்பதால் எல்லோருக்கும் சேர்த்து.)

பதில்: அலமாரியிலிருந்தே ஆரம்பிக்கலாம். முதுகில் பசை தடவி ஒட்டிய கட்டு அலமாரியில் ஜம்மென்று நிற்கும். அதையே பாறையடியில் விரித்து வையுங்கள். கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும். மூடாமல் இருக்க அமுக்கினால் முதுகு வெடித்துத் தாள் உதிரும். இரண்டு பக்கத்துக்கு விரியும் படமாக இருந்தால், பக்கத்துக்கு அரை சென்டிமீட்டராவது மடிப்புக்குள் போய்விடும். வழியின் கிரக்ஸ், அதாவது ஏற மிகக் கடினமான இடம், சரியாக அந்த மடிப்புக்குள் போய் உட்காரும் என்பது அச்சுலக விதி.

நடுவில் இரண்டு பின் அடித்த கட்டில் நட்டநடு ஃபாரத்தை, அதாவது 16 பக்கத்தை, வேறு தாளில் அடித்துச் சேர்க்க முடியும். வழிப்படங்கள் எல்லாம் இப்போது அந்த 16 பக்கத்தில்தான் இருக்கின்றன. பின்னின் கால்களை நிமிர்த்தி அதை மட்டும் உருவிக்கொண்டு, மறுபடி மடக்கிவிடுங்கள். மலைக்குப் பையில் போவது 16 பக்கம். மீதி இதழ் வீட்டில் உங்கள் அலமாரியில், படுத்தபடி.

அந்த நடுப்பக்கங்களின் வெளி ஓரம் வெறுமையாகக் கிடப்பதைத் தாள் வீண் என்று கணக்குப் போட்டிருக்கிறார் ஓமலூர் வாசகர். பின் கட்டில் ஒவ்வொரு தாளின் மடிப்பும் அடுத்த தாளை வெளியே தள்ளும். நட்டநடுத் தாள்தான் அதிகம் துருத்தி நிற்கும். ஓரம் வெட்டும்போது கத்தியில் அதிகம் போவதும் அதுதான். அங்கே ஓரம்வரை எழுத்தை ஓட்டினால் வழியின் நீளம் அச்சகத்துக் குப்பையில் கிடக்கும்.

அடுத்து நோட்டுத்தாள். அதன் பெயர் மேப்லித்தோ. ஆர்ட் பேப்பரின் பளபளப்பு மேலே பூசிய பூச்சு. பகல் இரண்டு மணி வெயிலில் அது கண்ணைக் கூச வைக்கும். ஏற்காட்டுப் பனியில் நனைந்து காய்ந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது அச்சோடு உரிந்து வரும். மேப்லித்தோவும் நனையும், ஆனால் விரித்துக் காயவைத்தால் படிக்கிற நிலையில் இருக்கும். பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம், ஆர்ட் பேப்பரில் பென்சில் வழுக்கும். கட்டுரையும் வண்ணப்படமும் வெளி ஃபாரங்களில் இன்னமும் ஆர்ட் பேப்பரில்தான் வருகின்றன. கடிதம் எழுதிய பலர் அதைத் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கோட்டுப்படத்தைப் பள்ளிக்கூடப் பையன் வரைந்தது என்கிறீர்கள். வரைந்தவர் தாங்கிக்கொள்வார். நீங்கள் கேட்கும் வண்ணப்படம் என்ன செய்தது என்று பார்ப்போம். பாறையடியில் நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் மேல்பாதி சுருங்கிவிடும். கயிறு மாட்டப் பாறையில் அடிக்கும் கம்பிதான் போல்ட். கீழே இரண்டு போல்ட்டுக்கு நடுவில் தெரியும் இடைவெளியும் மேலே தெரியும் இடைவெளியும் உண்மையில் ஒன்றாக இருந்தாலும், படத்தில் மேலே உள்ளது பாதியாகத் தெரியும். அதை நம்பி ஏறுகிறவர், கால் நடுங்கும் இடத்தில்தான் அடுத்த போல்ட் எவ்வளவு தூரம் என்று கண்டுகொள்வார். அதோடு, கோட்டை எங்கே போட்டீர்களோ அங்கே இருக்கும் பிடிகளை அந்தக் கோடே மறைக்கும். சேர்வராயன் மலையின் சார்னோகைட் இயல்பிலேயே கருஞ்சாம்பல் நிறம். அதன் படத்தை மேப்லித்தோவில் அடித்தால் தாள் மையை உறிஞ்சிப் பரப்பி, பாறை முழுதும் தார் பூசினாற்போல் ஆகும். அதன்மேல் ஓடும் சிவப்பு, மாலை வெளிச்சத்தில் கறுப்பாகவே தெரியும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண்கள் நம் வாசகர்களிலும் இருக்கின்றன. அவர்களுக்கு நண்பகலிலும் இதே கதிதான்.

எந்தப் பாறை என்று அடையாளம் காண ஒரு சின்னப் படம் போதும். அது ஒவ்வொரு வழிப்படத்தின் மூலையிலும் இருக்கிறது. எதிர்ச்சரிவில் ஏறக்குறைய பாறையின் பாதி உயரத்தில் நின்று, தூரத்தை இழுக்கும் லென்ஸில் எடுத்தது. எந்த வழி என்பதற்குக் கோடுதான். விரிசல், துருத்தி நிற்கும் உதடு, திண்டு, மரம் ஆகிய நான்கும் இருக்கும். வேறு எதுவும் இருக்காது. பெருக்கல் குறி போல்ட். வட்டத்துக்குள் பெருக்கல் குறி பிலே கொடுக்க, அதாவது ஏறுகிறவரின் கயிற்றைப் பிடித்துக் காக்க, நிற்கும் இடம். கீழ்நோக்கிய அம்பு, கயிறு மாட்டி இறங்கும் ஆங்கர்.

வழியின் பெயருக்கு முன்னால், முதல் கட்டத்திலேயே கொட்டை எழுத்தில் நீளத்தைப் போட்டிருப்பது ஆத்தூர் வாசகருக்கு ‘ரேஷன் கார்டு போல’ இருக்கிறதாம். பழைய வடிவத்தில் அது பக்கத்தின் அடியில் வண்ணப் பெட்டிக்குள் பதுங்கிக் கிடந்தது. ஒரு வழி 34 மீட்டர், உங்கள் கயிறு 60 மீட்டர். மேலே ஏறியவரைக் கீழே இறக்கும்போது கயிறு போகவும் வரவும் வேண்டும். 30 மீட்டருக்கு மேல் அது எட்டாது. பிலே கொடுப்பவர் மேலேயே பார்த்துக்கொண்டிருக்க, கயிற்றின் வால் கருவியை விட்டு நழுவிப் போகும். மேலே தொங்குகிறவர் மீதித் தூரம் விழுவார். கயிறு கொஞ்சம் இழுபடுமே என்று சொல்லாதீர்கள். நனைந்தும் உலர்ந்தும் பழகிய கயிறு சுருங்கும்; வாங்கியபோது 60 என்று எழுதியிருந்தது இன்று 60 ஆக இருக்க வேண்டும் என்றில்லை. நுனி வெட்டிய கயிறு என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே நீளம் முதலில். அதை ஒட்டியே ‘வால் முடிச்சு போடு’ என்ற குறி. பெயர் அப்புறம்.

போல்ட்டுக்கு மூன்று விவரம் சேர்த்திருக்கிறோம்: அடித்த ஆண்டு, விட்டம், உலோகம். இதையும் ‘ஹார்டுவேர் கடைப் பட்டியல்’ என்று கேலி செய்திருக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு உலோகக் கணக்கு அலுப்பதுதான் ஆச்சரியம். துத்தநாகம் பூசிய போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் ஹேங்கரை, அதாவது கொக்கி மாட்டும் தகட்டை, மாட்டினால், ஈரம் பட்டதும் இரண்டு உலோகத்துக்கும் இடையே அரிப்பு ஓடும். தின்னப்படுவது மட்டமான உலோகம், அதாவது போல்ட். ஹேங்கர் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருக்கும். பாறைக்குள் கம்பி இளைத்துக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத விஷயத்தைத் தாளில்தானே போட வேண்டும்?

கிரேடு பற்றிய தமிழுணர்வுக்கு வணக்கம். ஆனால் இங்கே அது செல்லாது. கயிற்று வழிக்கான பிரெஞ்சு கிரேடில் 7-க்குப் பின் வரும் ஏ சின்ன எழுத்து. அமெரிக்கக் கணக்கில் அது 5.11டி. பிரான்ஸின் ஃபோன்டேன்ப்ளோ காட்டுப் பாறைகளிலிருந்து வந்த, கயிறில்லாமல் ஏறும் சிறு பாறைகளுக்கான போல்டர் கிரேடில் 7-க்குப் பின் வரும் ஏ பெரிய எழுத்து. அமெரிக்க போல்டர் கணக்கில் அது வி6. இரண்டுக்கும் நடுவே மலையும் மடுவும். பெரிய எழுத்துக்காரரின் ஒற்றை அசைவு, சின்ன எழுத்து வழி முழுதும் தேடினாலும் கிடைக்காது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. இரண்டையும் ‘7ஏ’ என்றே அடிக்க வேண்டிவரும். பழைய வடிவமைப்பில் அழகுக்காக எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி வைத்திருந்தார்கள். விளைவும் இதே குழப்பம்தான். கிரேடு தவிர மற்றதெல்லாம் தமிழ்தான்.

எழுத்தளவு: முன்பு 9 பாயின்ட் எழுத்து, 11 பாயின்ட் வரி. இப்போது 10.5-க்கு 14. தமிழில் ஊகாரக் கொம்பு கீழே இறங்கும், ஈகாரச் சுழி மேலே ஏறும்; வரி நெருங்கினால் இரண்டும் மோதும். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து கேட்டவர்களுக்கு: நாலு வண்ணத்தில் ஒன்று இம்மி விலகினாலும் மெய்யெழுத்தின் புள்ளி அடைந்துபோகும். மேட்டர் குறைந்ததே என்றால், குறைந்தது முன்னுரைகள். யாரும் அழவில்லை.

ஏற்காட்டிலிருந்து ஒருவர், ‘வடிவம் கிடக்கட்டும், நம்ம மலைப் பாறைகளை ஏன் படமாகப் போடுவதில்லை’ என்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. இங்கே பாறை காப்புக்காட்டில் இருக்கும், இல்லையென்றால் காபி எஸ்டேட்டுக்குள் இருக்கும். முதலாவதற்கு வனத்துறை அனுமதி, இரண்டாவதற்கு எஸ்டேட்காரர் சம்மதம். எழுத்தில் வராமல் வழிப்படம் அச்சேறாது. அடுத்தது மலைத்தேனீ. பாறையின் உதட்டுக்கடியில் அடை தொங்கும் காலத்தில் கயிற்றில் மாட்டிக்கொண்டவருக்கு ஓட இடமில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் ‘சரிபார்த்த மாதம்’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். அது காலியாக இருந்தால் அந்தப் பக்கமே வராது.

அவரே போகிற போக்கில், பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசும் சாக் போலவே சேலத்து வெள்ளைக்கல்லும் மக்னீசியம் கார்பனேட்தானே, பொடித்துக் கையில் பூசிக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார். வேண்டாம். ஏறுகிறவர்கள் பூசுவது தொழிற்சாலையில் வீழ்படியவைத்து எடுத்த லேசான தூள். வெட்டியெடுத்த கல்லில் சிலிக்கா கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வாசகர்களைக் கேட்டீர்களா என்றால், கேட்டோம். கருத்து கேட்கவில்லை, படிக்கச் சொல்லிப் பார்த்தோம். நீங்களும் செய்து பாருங்கள். உச்சிவெயிலில், கை முழுக்க சாக் பூசிக்கொண்டு, பழைய இதழையும் புதிய இதழையும் தரையில் விரித்து நின்றபடியே பாருங்கள். ஏதாவது ஒரு வழிக்கு மூன்று விஷயம் கண்டுபிடிக்க வேண்டும்: நீளம் எவ்வளவு, போல்ட் எத்தனை, எப்படி இறங்குவது. புதியதில் எது சிக்கவில்லையோ, அதைப் பக்க எண்ணோடு எழுதுங்கள். அட்டையின் நிறம் பற்றி வந்த கடிதங்களுக்குப் பதில் இல்லை.