கிளையன்ட் வாரியாக ஃபீச்சர்களையும் ஆன்போர்டிங்கையும் (புது கிளையன்ட்டைச் சேர்த்துத் தொடங்கிவைக்கும் வேலை) கண்காணிக்கும் உள்பயன்பாட்டு டூலை எப்படி வடிவமைப்பது?

நீங்கள் சொல்லியிருப்பது: சம்பளக் கணக்கு மென்பொருள், அறுபது சொச்சம் கிளையன்ட்கள், ஒரே எக்செல் ஷீட். வரிசைக்கு ஒரு கிளையன்ட், நெடுவரிசைக்கு ஒரு ஃபீச்சர், கட்டத்துக்குள் 'ஆம்', 'இல்லை', 'பாதி'.

திரையை வரையும் முன் அந்த 'ஆம்' எதைச் சொல்கிறது என்று மூன்று குழுக்களிடம் கேளுங்கள். சேல்ஸுக்கு அது ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று பொருள். இம்ப்ளிமென்டேஷன் ஆட்களுக்கு ஆன் செய்தாயிற்று என்று பொருள். சப்போர்ட்டுக்கோ, கிளையன்ட் நிஜமாகவே பயன்படுத்துகிறார் என்று பொருள். இந்த மூன்றையும் ஒரே 'ஸ்டேட்டஸ்' நெடுவரிசையில் போட்டால் டூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். ஒவ்வொன்றும் அதனதன் மூலத்திலிருந்தே வரட்டும். விற்றது மட்டும் கையால் பதியப்படும், ஒப்பந்த எண்ணோடு. ஆன் ஆகியிருக்கிறதா என்பதைத் தினமும் இரவில் கிளையன்ட்கள் நிஜமாக ஓட்டும் சிஸ்டத்தின் அமைப்புகளிலிருந்து, அதாவது புரொடக்‌ஷன் கான்ஃபிகரேஷனிலிருந்து படித்துக்கொள்ளுங்கள். பயன்பாட்டுக்கு, அந்த ஃபீச்சர் கடைசியாக ஓடிய தேதி போதும். இனி ஒப்பிட்டாலே வேலை கண்ணில் படும். விற்றும் ஆன் ஆகாதது ஆன்போர்டிங் பாக்கி. விற்காமலே ஆன் ஆகியிருப்பது பில்லிங்கில் விட்டுப்போன பணம். ஆன் ஆகியும் மாதக்கணக்கில் ஓடாதது, ரினியூவலில் விலை பேசப்படப்போகும் இடம்.

டேபிள்கள் சிலவே: கிளையன்ட், ஃபீச்சர், இரண்டையும் இணைக்கும் ஒன்று. ஃபீச்சருக்கு மாறாத குறியீடு ஒன்று வேண்டும். மார்க்கெட்டிங் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இணைப்பு டேபிளில் தொடக்க, முடிவுத் தேதி, யார், ஏன் என்று வையுங்கள். பழைய வரியை அழித்து எழுதாமல் முடிவுத் தேதி போட்டுப் புது வரி சேருங்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் ரேஞ்ச் டைப்பும் (தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மதிப்பாக வைப்பது) எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்டும் (மோதும் வரிகளை மறுக்கும் விதி) போட்டு, ஒரே கிளையன்ட்டுக்கு ஒரே ஃபீச்சரின் காலங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் டேட்டாபேஸே தடுத்துவிடும். சம்பளப் பிடித்தத்துக்கு மாதத்தை 26 நாளாக வகுப்பதா 30ஆக வகுப்பதா என்பது ஃபீச்சர் அல்ல, செட்டிங். இதைப் பிரிக்காவிட்டால் ஃபீச்சர் பட்டியல் சில மாதத்தில் இரட்டிப்பாகும்.

ஆன்போர்டிங்கை முதல் சம்பளத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அதற்குப் பின்னால் நகர்த்த முடியாத தேதிகள் நிற்கின்றன: டிடிஎஸ் (சம்பளத்தில் பிடித்த வருமான வரி) கட்ட வழக்கமாக அடுத்த மாதம் 7, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்ட 15. டாஸ்க் பட்டியல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. தொடக்க மாதம், கிளை உள்ள மாநிலங்கள் இரண்டையும் கேட்டு டூலே உருவாக்க வேண்டும். அக்டோபரில் சேரும் கிளையன்ட்டிடம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சம்பளமும் பிடித்த வரியும் வாங்காவிட்டால், மீதி மாதங்களின் டிடிஎஸ் தப்பாகும். தொழில்வரி தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை, கர்நாடகத்தில் மாதாமாதம்.

பேரலல் ரன்னுக்கும் தனி டாஸ்க் வேண்டும். முந்தைய மாதச் சம்பளத்தைப் புதிய சிஸ்டத்தில் ஓட்டி, நபர் வாரியாகக் கைக்கு வரும் தொகையை ஒப்பிடுங்கள். மொத்தத் தொகை ஒத்துப்போவது போதாது. ஒருவருக்குக் கூடியது இன்னொருவருக்குக் குறைந்து சரிக்கட்டிவிடும். வித்தியாசம் பெரும்பாலும் ரவுண்டிங், அரியர், சம்பளமில்லா விடுப்பு நாட்களில்தான் இருக்கும்.

டாஸ்க் பட்டியலின் டெம்ப்ளேட்டைத் திருத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் கிளையன்ட்டின் டாஸ்க்குகள் மாறக் கூடாது. தொடங்கும்போதே நகலெடுத்து, வெர்ஷன் எண்ணையும் பதியுங்கள். ஒவ்வொரு டாஸ்க்கும் இப்போது யார் கையில், நம்மிடமா கிளையன்ட்டிடமா வங்கியிடமா என்பதும், எந்தத் தேதியிலிருந்து என்பதும் அவசியம். தாமதத்துக்கு யார் காரணம் என்ற பேச்சு வரும்போது இது ஒன்றே பதில் சொல்லும். சதவீதப் பட்டை வேண்டவே வேண்டாம். 20 டாஸ்க்கில் 18 முடிந்தாலும், மீதியில் ஒன்று பழைய டிடிஎஸ் விவரம் என்றால் சம்பளம் ஓடாது. வழியை மறிக்கும் டாஸ்க்குகளை மட்டும் மேலே காட்டுங்கள்.

முதல் வெர்ஷனுக்கு மூன்று திரை போதும்: ஒரு கிளையன்ட்டின் முழு நிலை, ஒரு ஃபீச்சரை யார் யார் பயன்படுத்துகிறார்கள் (பக் வந்தால் யாருக்குச் சொல்வது என்று தெரிய), தேங்கி நிற்பவை. குறிப்பு எழுதும் பெட்டியில் பிஎஃப் போர்ட்டல் பாஸ்வேர்டுகள் வந்து விழும். அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

பழைய ஷீட்டின் 'பாதி'களை அப்படியே ஏற்றாமல் புரொடக்‌ஷனோடு சரிபார்த்து ஏற்றுங்கள். ஏற்றிய அன்றே ஷீட்டைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். இரண்டும் திறந்திருந்தால் சேல்ஸ் ஷீட்டில்தான் எழுதும்.