கண்ணகி மாறவில்லை

புகாரில் வாய் திறக்காத கண்ணகி மதுரையில் எப்படித் திடீரென்று வேறு பெண்ணானாள் என்று உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. எனக்கென்னவோ அவள் மாறவேயில்லை என்றுதான் படுகிறது. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையை மகளோடு உட்கார்ந்து படியுங்கள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற குளங்களில் முழுகிக் காதல் தெய்வமான காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்கிறாள் தோழி தேவந்தி. கண்ணகியின் பதில் இரண்டே சொல்: ‘பீடு அன்று.’ அது பெருமையில்லை என்று மறுத்துவிடுகிறாள். துயரத்திலும் எவ்வளவு நிமிர்வு! பாண்டியனை ‘தேரா மன்னா’ (ஆராயாத மன்னனே) என்று அழைப்பதும் இதே குரல்தான்.

அப்புறம் சிலம்பு. வெறுங்கையோடு வந்த கோவலனிடம் ‘சிலம்பு உள’ என்று கொடுக்க முன்வந்தவள் அவள். பாண்டியன் அவையில் அதை உடைத்தபோது உள்ளிருந்த பரல் தெறித்தது மன்னன் வாயருகே. அரசியின் சிலம்பில் இருந்த முத்தல்ல, மாணிக்கம். இந்த இடங்களைத் தேர்வில் மேற்கோளோடு எழுதச் சொல்லுங்கள்.