டீச்சரைக் கேளுங்கள்: போன் மொழி சொல்லித் தருமா?

கேள்வி: டீச்சர், நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு மாதம். அவர் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். பிள்ளைக்கு இப்போதே இங்கிலீஷ் பழக்கவேண்டும் என்று போனில் பாட்டெல்லாம் இறக்கித் தந்திருக்கிறார். பிள்ளைக்குச் சிங்களம் வந்தால் போதும் என்று எனக்கு இருக்கிறது. மாமியோ, இரண்டு மொழி போட்டால் பிள்ளை வாய் திறக்கப் பிந்தும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், நாவலப்பிட்டி

பதில்: மகள், நான் உங்கள் கட்சி. அதற்காக மாமியோடு மல்லுக்கு நிற்கவேண்டாம். அந்தப் பயம் நம் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் இருக்கிறது. பயத்துக்கு ஆதாரம்தான் இல்லை. இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளையின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் குறைவாக இருக்கலாம்; இரண்டையும் கூட்டினால் மற்றப் பிள்ளைகளுக்கு ஈடாக வந்து நிற்கும். என் பேரன் தமிழில் ‘பால்’, சிங்களத்தில் ‘கிரி’ என்று இரண்டும் சொல்லத் தொடங்கியபோது எங்கள் சம்பந்தியம்மா ‘பால்’ஐ மட்டும்தான் கணக்கில் சேர்த்தார்!

ஆனால் ஒன்று. பேச்சு உண்மையிலேயே பிந்தினால், ‘இரண்டு மொழி அல்லவா, அதனால்தான்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஒரு வயதாகியும் மழலைச் சத்தமோ கை காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதில் ‘அம்மா வா’ என்பதுபோல் இரண்டு சொல் சேரவில்லை, அல்லது சொன்ன சொல்லே நின்றுபோய்விட்டது என்றால் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். முதலில் காதைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

சரி, இனி போன். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் ஒன்பது மாதக் குழந்தைகளைச் சீன மொழி கேட்க வைத்துப் பார்த்தார்கள். 2003இல் வெளிவந்த ஆய்வு அது. சில குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் தரையில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை ஆட்டி, 12 தடவை பேசினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, டிவியில் மட்டும். நேரில் கேட்ட பிள்ளைகளுக்குச் சீனச் சத்தங்கள் பிடிபட்டன. டிவி பார்த்த பிள்ளைகள் சீனமே கேளாத பிள்ளைகளைப் போலத்தான் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019இல், ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். பாவம், ஆசையாகத்தான் இறக்கித் தந்திருப்பார்.

அப்படியென்றால் எந்த மொழி? எந்த மொழிக்கு உங்களைச் சுற்றி ஓர் ஆள் இருக்கிறாரோ, அது. உங்கள் ஊரில் அது சிங்களம்தான். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது, 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழியானது. சட்டத்தில் எப்படி இருந்தாலும், கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நாம் யாரையாவது கெஞ்சித்தானே படிவம் நிரப்புகிறோம்? ஆங்கிலத்துக்கு அவசரமில்லை. பாடசாலையில் தரம் 1இல் பேச்சாகவும் தரம் 3இலிருந்து பாடமாகவும் வரும்.

ஏழு மாதம் நல்ல வயது. இந்த வயதுக் குழந்தையால் எந்த நாட்டு மொழிச் சத்தத்தையும் பிரித்துக் கேட்க முடியும். ஒரு வயதை நெருங்கும்போது, வீட்டில் கேளாத சத்தங்களில் அந்தக் கூர்மை குறையத் தொடங்கும். சிங்களத்தில் ‘முடியாது’ என்று சொல்லும்போது ஆவும் ஏயும் கலந்தாற்போல் ஒரு சத்தம் வருமே, அதை நம்மில் பலர் வெறும் ‘பே’ என்று சொல்லி மாட்டிக்கொள்கிறோம். அதற்காக, பிந்தினால் எல்லாம் போச்சு என்றில்லை. ஐந்து வயதில் தொடங்கி அழகாகப் பேசும் பிள்ளைகளுக்கு நானே படிப்பித்திருக்கிறேன்.

யாரிடம் விடுவது? எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவைச் சொல்கிறேன். என் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பீலியடியில் கீரை கழுவுவார். அவன் கையைப் பிடித்துத் தண்ணீரில் நனைத்து ‘வத்துர’ என்பார். அவன் சிலிர்த்துக் கையை இழுப்பான். உடனே ‘சீதலய்! சீதலய்!’ அவன் காலை உதைத்துச் சிரிப்பான். திரும்பவும் கையை நனைப்பார், திரும்பவும் ‘சீதலய்’. அவ்வளவுதான் வகுப்பு. உங்கள் பக்கத்திலும் கிராமத்திலிருந்து காய்கறி கொண்டுவருகிறவர், கடைக்கார அம்மா என்று யாராவது இருப்பார். தினமும் கொஞ்ச நேரம் பிள்ளையை அவர் மடியில் விடுங்கள். ‘தமிழ் பேசவேண்டாம், உங்கள் மொழியிலேயே கொஞ்சுங்கள்’ என்று சொல்லியே விடுங்கள். நம் மேல் உள்ள மரியாதையில் அவர்கள் அரைகுறைத் தமிழில் பேசிவிடுவார்கள்!

நீங்களும் மாமியும் தமிழை விடாதீர்கள். ஒரு ஆளுக்கு ஒரு மொழி என்பது பழைய வழிதான். ஜூல் ரோன்ஜா என்ற பிரெஞ்சு மொழியியலாளர், தான் பிரெஞ்சிலும் மனைவி ஜெர்மனிலும் பேசி மகனை வளர்த்த விதத்தை 1913இலேயே புத்தகமாகப் போட்டார். லயத்து வாழ்க்கையில் அவ்வளவு கறாராக இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். இரண்டு வயதில் ‘வத்துர குடு’ என்று கலந்து பேசினால் திருத்தாதீர்கள், ‘தண்ணியா? இந்தா தண்ணி’ என்று கொடுங்கள். என் பேரன் என்னிடம் அப்படிக் கேட்ட நாட்களிலேயே அந்த அக்காவிடம் போய் ‘வத்துர தென்ன’ என்று சுத்தமாகக் கேட்டான்.

கேள்வி: மகள் சிங்களப் பையனைக் கட்டிக்கொண்டு கம்பஹாவில் இருக்கிறாள். இரண்டு வயதுப் பேத்திக்குத் தமிழே வராது. போனில் முகம் பார்த்துப் பேசினால் பலன் உண்டா?
– ஒரு பாட்டி, பண்டாரவளை

பதில்: உண்டு அம்மா. மேலே போனைத் திட்டியதை நினைத்துப் பயப்படாதீர்கள். பாட்டு ஓடும் போன் பிள்ளைக்குப் பதில் சொல்லாது, நீங்கள் சொல்வீர்கள். தினமும் ஒரே நேரத்தில், அவள் சாப்பிடும்போது கூப்பிடுங்கள். நீங்களும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அவள் சிங்களத்தில் பதில் சொன்னால் கோபம் வேண்டாம், நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். ஏப்ரல் விடுமுறைக்கு வந்தால் உங்கள் மகளை இரண்டு நாளைக்காவது டவுன், சொந்தக்காரர் வீடு என்று அனுப்பிவிடுங்கள். மொழிபெயர்க்க அவள் பக்கத்தில் இருந்தால், பேத்திக்கு உங்களிடம் நேரே கேட்கத் தேவையே வராது.